வரைந்த முகமும் நடித்த முகமும்: தமிழ்ப் படக்கதை மரபும் திரைத் தழுவலும்

படக்கதையைப் படமாக்குபவர் மூலத்துக்கு எவ்வளவு கட்டுப்பட வேண்டும் என்ற வழக்கு அமெரிக்காவில் பழையது. 2005இல் வெளிவந்த 'சின் சிட்டி' படத்தில், மூலத்தை எழுதி வரைந்த ஃபிராங்க் மில்லரே ராபர்ட் ரோட்ரிகஸுடன் இணை இயக்குநராக இருந்தார். கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் ஏறத்தாழ அப்படியே திரைக்கு வந்தன. 2009இல் ஸாக் ஸ்னைடர் எடுத்த 'வாட்ச்மென்' பல காட்சிகளில் கட்டத்துக்குக் கட்டம் மூலத்தைப் பின்தொடர்ந்தும் முடிவை மாற்றிக்கொண்டது. கதையாசிரியர் ஆலன் மூர் தம் பெயரே அதில் வர வேண்டாம் என்று ஒதுங்கிவிட்டார். கேரளத்திலும் வழி நேராகவே இருந்தது. டோம்ஸ் வரைந்த 'போபனும் மோளியும்' கேலிச்சித்திரத் தொடர் 1971இல் சசிகுமாரின் இயக்கத்தில் அதே பெயரில் படமானது. இங்கெல்லாம் மூலம் எது, தழுவல் எது என்பதில் குழப்பமில்லை.

தமிழில் அப்படி ஒரு நேர்க்கோடு கிடையாது. படக்கதையை விலைக்கு வாங்கிப் படமாக்கும் வழக்கம் இங்கே வேர்விடவில்லை. ஆனாலும் மூல விசுவாசம் பற்றிய சண்டை இருந்துவருகிறது, சில சமயம் அமெரிக்கர்களுடையதைவிட உரக்கவே. அந்தச் சண்டை பெரும்பாலும் கதையைப் பற்றியதாக இருந்ததில்லை. முகத்தைப் பற்றியதாகவே இருந்திருக்கிறது என்பது இக்கட்டுரையின் வாதம். பத்திரிகை ஓவியர் ஒரு முகத்தை வரைந்தார், வாசகர் அதை மனதில் பதித்துக்கொண்டார், சினிமா அந்த இடத்தில் ஒரு நட்சத்திரத்தின் முகத்தைக் கொண்டுவந்து வைத்தது. தமிழ்த் தழுவலின் வரலாறு இந்த இரண்டு முகங்களின் இழுபறி.

தொடக்கம் வாரப் பத்திரிகைத் தொடர்கதையில். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை 'கல்கி' இதழில் வந்தது. ஓவியர் மணியம். வாரம் ஒரு அத்தியாயம் படித்தவருக்குக் கல்கியின் சொல்லும் மணியத்தின் கோடும் ஒரே பக்கத்தில் ஒன்றாகவே வந்து சேர்ந்தன. கொண்டையின் வடிவத்தைப் பார்த்தே நந்தினி யார், குந்தவை யார் என்று வாசகரால் சொல்லிவிட முடிந்தது. பின்னாளில் வினு, பத்மவாசன் போன்றவர்கள் அதே கதைக்கு வரைந்தபோதும் அவர்களை மணியத்தோடு ஒப்பிட்டுத்தான் பேசினார்கள். நாவல் நூலாக அச்சேறியபோது பல பதிப்புகளில் படங்கள் விடுபட்டன. ஆனால் பத்திரிகைப் பக்கங்களைக் கிழித்துத் தைத்து வீட்டிலேயே பைண்டு செய்து வைத்திருந்த குடும்பங்களில் படமில்லாத பொன்னியின் செல்வன் அரைகுறைப் புத்தகமாகவே பார்க்கப்பட்டது. ஆய்வாளர்கள் இதை 'விளக்கப்படம் கொண்ட நாவல்' என்று வகைப்படுத்திவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். படித்த விதத்தை வைத்துச் சொன்னால் அது படக்கதைக்கு மிக நெருங்கியது என்றே எனக்குத் தோன்றுகிறது.

இந்த ஓவிய மரபு சினிமாவை நேரடியாகத் தொட்ட இடம் 'பார்த்திபன் கனவு'. டி. யோகானந்த் இயக்கத்தில் ஜெமினி கணேசனும் வைஜயந்திமாலாவும் நடித்து 1960இல் வந்த அந்தப் படத்தின் கலைப் பணியில் மணியமும் இருந்தார். பத்திரிகையில் பல்லவர் காலத்துக்கும் சோழர் காலத்துக்கும் உடையும் அணியும் கற்பித்த கை, படப்பிடிப்புத் தளத்துக்கும் வந்தது. அந்தக் காலத்து விசுவாசம் இப்படித்தான் இருந்தது: ஓவியரையே கூட்டிவந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது என்ற நம்பிக்கை.

'ஆனந்த விகட'னில் கதை வேறு விதமாகப் போனது. கொத்தமங்கலம் சுப்பு, கலைமணி என்ற பெயரில் 1950களின் பிற்பகுதியில் எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடருக்குக் கோபுலு வரைந்தார். தஞ்சாவூர்க்காரரான கோபுலுவுக்கு நாகசுரக் கோஷ்டியும் சதிர்க் கச்சேரியும் கோயில் திருவிழாக் கூட்டமும் கண்ணால் கண்ட உலகம். தவில்காரரின் உட்காரும் தோரணை, வெற்றிலைப் பெட்டி, மைனரின் அங்கவஸ்திரம் என்று அவர் கோட்டில் ஒரு மாவட்டமே வந்து உட்கார்ந்தது. 1968இல் ஏ.பி. நாகராஜன் அதைப் படமாக்கினார். நீண்ட தொடரை ஒரு படத்துக்குள் அடக்க நிறையக் கதையை விட்டுவிட வேண்டியிருந்தது. யாரும் பெரிதாகக் கோபித்துக்கொள்ளவில்லை. சிவாஜி, பத்மினி, நாகேஷ், மனோரமா ஆகியோரின் முகங்கள் கோபுலுவின் முகங்களை மெல்ல மெல்ல அழித்துவிட்டன. இன்று கதையின் நாயகன் சிக்கல் சண்முகசுந்தரம் என்றால் நினைவுக்கு வருவது சிவாஜி கணேசன் மட்டுமே. நட்சத்திர முகம் முழுமையாக வென்ற முதல் பெரிய வழக்கு இது. நாகராஜன் கதையைச் சுருக்கினாலும் கோபுலு வரைந்த அந்த உலகத்தின் வாசனையைக் கலைக்கவில்லை. அதனால்தான் அவர் தப்பினார் என்பது என் கணிப்பு.

சினிமாவும் சித்திரமும் ஒரே கூரையின் கீழ் இருந்த ஓர் இடமும் சென்னையில் உண்டு. வடபழனி. விஜயா நிறுவனத்தின் நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947இல் 'அம்புலிமாமா'வைத் தொடங்கினார்கள். அதே கைகள் 'பாதாள பைரவி'யையும் (1951) 'மாயா பஜா'ரையும் (1957) எடுத்தன. 1952இல் அம்புலிமாமாவில் சேர்ந்த ஓவியர் சங்கர் வரைந்த ஒரு படம் மட்டும் எந்தத் திரைப்படத்தையும்விட நீண்ட நாள் வாழ்ந்தது: வாளை உருவிய விக்கிரமாதித்தன், தோளில் தொங்கும் பிணம், பின்னால் இருண்ட காடு. சங்கர் 2020இல் தம் தொண்ணூறுகளில் காலமானார். அதற்கு மூன்று ஆண்டுகள் முன்பு புஷ்கர்–காயத்ரி எடுத்த 'விக்ரம் வேதா' ஓர் அனிமேஷன் காட்சியில் அந்த மன்னனையும் வேதாளத்தையும் காட்டித்தான் தொடங்கியது. பிறகு வடசென்னை ரவுடியும் என்கவுன்டர் போலீஸும். வேதா ஒரு கதை சொல்கிறான், முடிவில் ஒரு கேள்வி கேட்கிறான், விக்ரம் பதில் சொன்னதும் கைநழுவிப் போகிறான். இதில் பழைய கதை ஒன்றுகூட இல்லை. பழைய கட்டமைப்பு முழுவதும் இருக்கிறது. தமிழில் வந்த தழுவல்களிலேயே மிக விசுவாசமானது எது என்று கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

அசல் காமிக்ஸ் என்று நாம் சொல்வது சிவகாசியிலிருந்து வந்தது. 1972 ஜனவரியில் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்'ஸைத் தொடங்கினார். முதல் இதழே 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் அவர் மகன் விஜயன் 'லயன் காமிக்'ஸைத் தொடங்கினார். அதே ஆண்டு தினத்தந்தி குழுமத்தின் 'ராணி காமிக்'ஸும் வந்தது. ஸ்பைடர், ஆர்ச்சி, மாடஸ்டி, டெக்ஸ் வில்லர், லக்கி லூக், முகமூடி வீரர் மாயாவி என்று லண்டனிலும் மிலானிலும் பிரஸ்ஸல்ஸிலும் நியூயார்க்கிலும் பிறந்தவர்கள் எல்லோரும் சிவகாசித் தமிழில் பேசினார்கள்.

தழுவல் வரலாற்றை எழுதுபவர்கள் கவனிக்க வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. இரும்புக்கை மாயாவியின் மூலம் 1962இல் பிரிட்டனின் 'வேலியன்ட்' வார இதழில் தொடங்கியது. கென் புல்மர் எழுத, ஸ்பெயின்காரரான ஹெசூஸ் பிளாஸ்கோ வரைந்தார். அங்கே அது வாரத்துக்குச் சில பக்கங்கள் வரும் தொடர். இங்கே பையில் அடங்கும் முழுப் புத்தகம். பெரிய பக்கத்துக் கட்டங்கள் சிறிய பக்கத்துக்கு ஏற்ப வெட்டி ஒட்டப்பட்டன. வலக்கையை இழந்து எஃகுக் கை பொருத்திக்கொண்ட லூயிஸ் கிராண்டேல், மின்சாரம் பாய்ந்தால் உடல் மறைந்து கை மட்டும் தெரிய நிற்கிறான். மூலத்தின் தொடக்கத்தில் அந்தச் சக்தி அவனைக் குற்றவாளியாக்குகிறது. உளவாளியாகி நல்லவர் பக்கம் வருவது பிறகுதான். தமிழ் வாசகரின் நினைவிலோ அவன் எப்போதும் நாயகன். ஆக, திரைக்குப் போகும் முன்பே அச்சிலும் நினைவிலும் இரண்டு தழுவல்கள் நடந்து முடிந்துவிட்டன.

நான் வசிக்கும் ஊரப்பாக்கம் இதைச் சோதித்துப் பார்க்கத் தோதான இடம். தாம்பரம் முதல் கூடுவாஞ்சேரி வரை ஜிஎஸ்டி சாலையை ஒட்டிய நகர்களில் தென்மாவட்டங்களிலிருந்து வந்து வீடு கட்டிய குடும்பங்கள் ஏராளம். ஐம்பதைத் தாண்டிய ஆண்களிடம் மாயாவியின் பேச்சை எடுத்தால் முகம் மலர்கிறது. கதை என்னவென்று கேட்டால் தடுமாறுகிறார்கள். வில்லன் பெயர் வருவதில்லை, ஊர் பெயர் வருவதில்லை. காற்றில் தனியாக மிதக்கும் கையை மட்டும் எல்லோரும் சொல்கிறார்கள், சிலர் சைகையிலேயே காட்டிவிடுகிறார்கள். அவர்களைப் பொறுத்தவரை மூலம் என்பது அந்த ஒரு கட்டம்தான்.

முத்து காமிக்ஸ் தொடங்கிய அதே 1972இல் இயக்குநர் கர்ணனின் 'கங்கா', 'ஜக்கம்மா' போன்ற கௌபாய்ப் படங்கள் திரையரங்குகளில் ஓடின. அவற்றுக்கு ஊற்று ஹாலிவுட்டும் இத்தாலியும்; காமிக்ஸ் இல்லை. ஆனால் படிக்கிற பையனும் படம் பார்க்கிற பையனும் ஒருவனே. அந்தப் பையன்களில் ஒருவர் இயக்குநரானபோது இரண்டும் கலந்தன. விகடனில் கேலிச்சித்திரக்காரராக இருந்த சிம்புதேவன் 2010இல் எடுத்த 'இரும்புக்கோட்டை முரட்டு சிங்கம்' பெயரிலேயே சிவகாசி மணக்கும். ஜெய்சங்கர்புரம், உசாபுரம் என்று ஊர்கள், ஒற்றைக் கண் வில்லனாக நாசர், தொப்பியும் குதிரையுமாக லாரன்ஸ். எந்த ஒரு காமிக்ஸையும் அது தழுவவில்லை, ஒரு வாசிப்புப் பழக்கத்தையே தழுவியது. நகைச்சுவையில் சறுக்கல்கள் உண்டு. இருந்தும், மொழிபெயர்ப்புக் காமிக்ஸின் அந்த விறைப்பான வசன நடையை வேறு யாரும் இவ்வளவு காதால் பிடித்ததில்லை.

மிஷ்கினின் 'முகமூடி' (2012) எதிர்த்திசையில் போனது. சொந்தக் கதை, குங்ஃபூ, தமிழுக்கு ஒரு சூப்பர் ஹீரோ என்ற பெருமுயற்சி. முகமூடியைப் போட்ட பின்னும் அதற்குள் இருப்பது ஜீவா என்பதைப் பார்வையாளர் மறக்கவில்லை. ஒரு முகமூடிக்குப் பின்னால் பல ஆண்டு அச்சுப் பக்கங்கள் இருந்திருந்தால் அந்த உடையைக் கண்டு அரங்கில் சிரிப்பு எழுந்திருக்காது என்பது என் எண்ணம்.

அதே 2012இல் லயன்–முத்து இதழ்கள் பெரிய அளவில், வண்ணத்தில், மூலப் பக்க அமைப்போடு மறுவருகை செய்தன. சென்னைப் புத்தகக் காட்சியில் அவர்களுடைய கடையில் நிற்கும் பழைய வாசகர்கள் இப்போது மொழிபெயர்ப்பையும் வண்ணத்தையும் ஐரோப்பியப் பதிப்போடு ஒப்பிட்டுப் பேசுகிறார்கள். மூலத்தைக் கண்ணால் பார்க்காத தலைமுறைக்கு இல்லாத ஒரு கண்டிப்பு இவர்களுக்கு வந்துவிட்டது.

இந்தக் கண்டிப்பு வெளிப்பட்ட மிகப் பெரிய களம் மணிரத்னத்தின் 'பொன்னியின் செல்வன்' (2022 செப்டம்பர் 30, 2023 ஏப்ரல் 28). 1958இல் எம்.ஜி.ஆர். எடுப்பதாக அறிவித்து நின்றுபோன கதை. இரண்டாம் பாகம் வந்த வாரங்களில் மின்சார ரயிலில் காதில் விழுந்த விவாதங்கள் இரண்டு வகை. ஒரு சாரார் கதையைப் பேசினார்கள்: மணிமேகலை எங்கே? சேந்தன் அமுதன்தான் உண்மையான வாரிசு என்ற திருப்பம் ஏன் இல்லை? அருள்மொழி முடியை விட்டுக்கொடுக்கும், நாவலின் உச்சமான அந்தத் தியாகத்தை மதுராந்தகனின் மனமாற்றமாகச் சுருக்கியது நியாயமா? இந்தக் கேள்விகள் வலுவானவை. அமுதனின் திருப்பத்தை விட்டதில் எனக்கும் உடன்பாடு இல்லை. அருள்மொழி யாருக்கு முடியைக் கொடுக்கிறான் என்பதில்தான் கல்கி ஐந்து பாகங்களாகப் போட்ட முடிச்சு அவிழ்கிறது.

இன்னொரு சாராரின் குறை வேறு. வந்தியத்தேவன் இன்னும் இளைஞனாக இருந்திருக்க வேண்டும், குந்தவை இப்படியா, நந்தினியின் கண் இதுவல்ல. இவர்கள் வாதாடியது கல்கிக்காக அல்ல, மணியத்துக்காக. கல்கியின் வருணனையில் உள்ளதைவிட அதிக நுணுக்கமாக அவர்கள் முகத்தைச் சொன்னார்கள். அந்த நுணுக்கம் ஓவியத்திலிருந்து மட்டுமே வந்திருக்க முடியும். தோட்டா தரணியின் அரங்கமும் ஏகா லக்கானியின் உடையும் மணியத்தின் பளபளப்பை விட்டு மங்கிய நிறங்களுக்குப் போனதை இந்தச் சாராரில் பலர் துரோகமாகவே எடுத்துக்கொண்டார்கள். வரலாற்றுக்கு நெருங்குவதா, ஓவியத்துக்கு நெருங்குவதா என்ற இடத்தில் மணிரத்னம் முதலாவதைத் தேர்ந்தார். 1960இல் ஓவியரையே தளத்துக்கு அழைத்த மரபு இங்கே அறுந்தது. அறுந்தது சரிதான் என்பேன்: மணியத்தின் சோழநாடு 1950களின் தமிழர் கண்ட கனவு, அதை அப்படியே உயிர்ப்பித்தால் அது சோழர் படமாக இராது, பழைய பத்திரிகையின் படமாக இருக்கும். ஆனால் மனக்கண்ணில் எழுபது ஆண்டு குடியிருந்த முகங்களைக் காலிசெய்யச் சொல்லும்போது முறுமுறுப்பு எழாமல் போகாது.

மடோன் அஸ்வினின் 'மாவீரன்' (2023) இந்த வரலாற்றில் ஒரு விநோதமான பக்கம். சிவகார்த்திகேயன் நடித்த சத்யா ஒரு நாளிதழில் படக்கதை வரைபவன். அவனுக்கு மட்டும் கேட்கும் ஒரு குரல் அவனையே படக்கதை நாயகனாக்கி அடுத்து என்ன செய்வான் என்று சொல்கிறது. அவன் ஓடப் பார்க்கிறான். மூலத்துக்கு எவ்வளவு கட்டுப்படுவது என்று விமர்சகர்கள் கேட்ட கேள்வியைப் படத்தின் நாயகனே உயிருக்குப் பயந்து கேட்கிறான். விஜய் சேதுபதியின் அந்தக் குரலுக்கு முகம் இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும்.

மிச்சமிருப்பது மாயாவிதான். 'இரும்புக்கை மாயாவி' என்ற பெயரில் படம் எடுக்கும் எண்ணத்தை லோகேஷ் கனகராஜ் பல ஆண்டுகளாகப் பேசிவருகிறார். அப்படி ஒன்று வந்தால் கிராண்டேல் என்ற பெயர் போகலாம், லண்டன் சென்னையாகலாம், உளவுக் கதை போதைப்பொருள் கதையாகலாம். ஊரப்பாக்கத்து வாசகர் எவரும் அதற்காகச் சண்டைக்கு வர மாட்டார். கை மட்டும் மிதக்க வேண்டும், உடல் தெரியக் கூடாது. கதை சூடு பிடிக்கும் இடத்திலெல்லாம் நாயகன் திரையில் தென்படவே கூடாது என்பதே இதன் பொருள். பாடலிலும் சண்டையிலும் முகத்தைக் காட்டியே சம்பளம் வாங்கும் ஒரு நட்சத்திரம், இடைவேளைக்கு முந்தைய உச்சக் காட்சியில் வெறும் எஃகுக் கையாக மட்டும் இருக்கச் சம்மதிப்பாரா என்பது கதை விவாதத்தில் அல்ல, ஒப்பந்தம் போடும் மேசையில் முடிவாகும்.