சுட்டும் விரலும் கேட்கும் குழந்தையும்

விளம்பரம் என்றவுடன் சவர்க்காரமும் தேயிலையுமே நம் நினைவுக்கு வருகின்றன. ஆயின், மனிதனின் உயிரையே விலையாகக் கேட்ட விளம்பரங்களும் சரித்திரத்தில் உண்டு.

1914ஆம் ஆண்டு ஓகஸ்ட் 4ஆந் திகதி பிரித்தானியா ஜேர்மனிமீது போர்ப் பிரகடனஞ் செய்தது. ஜேர்மனி, பிரான்சு முதலிய நாடுகளில் வழங்கிய கட்டாயப் படைச்சேவை பிரித்தானியாவில் அப்பொழுது இருக்கவில்லை. ஆதலின், இளைஞர் தாமே முன்வந்து படையிற் சேருமாறு அவர்தம் மனத்தை இசைவிக்க வேண்டியிருந்தது.

செப்டெம்பர் 5ஆந் திகதி 'லண்டன் ஒப்பினியன்' என்னும் சஞ்சிகையின் முகப்பில் அல்பிரட் லீற் என்பார் வரைந்த சித்திரமொன்று வெளியாயிற்று. பின்னர் அதுவே சுவரொட்டியுமாயிற்று. யுத்த மந்திரி கிச்சினர் பிரபுவின் முகமும், முன்னோக்கி நீண்ட விரலுமே அதிற் காணப்பட்டன. எப்பக்கம் நின்று நோக்கினும் அவ்விழிகள் நம்மையே பார்ப்பனபோலத் தோன்றும். கூட்டத்தை அழையாது 'நீ' என ஒருவனைத் தனியே விளிப்பதே இதன் உத்தி. 1917இல் அமெரிக்க ஓவியர் ஜேம்ஸ் மொன்ற்கொமரி பிளாக் இதே உத்தியை 'அங்கிள் சாம்' உருவத்திற் கையாண்டார்.

1914 செப்டெம்பரில் மாத்திரம் 4,60,000 பேருக்கு மேற்பட்டோர் படையிற் சேர்ந்தனர். போர்க்களச் செய்திகளும், நண்பர் கூட்டமும், வேலையின்மையும் அவர்களை உந்தின. சித்திரத்தின் பங்கை மட்டும் பிரித்து அளத்தல் இயலாது. பின்னர் வேகந் தணிந்தது. சுவரொட்டியின் குரலும் மாறிற்று.

1915இல் வெளிவந்த சவில் லம்லியின் சித்திரத்தில் கட்டளையிடும் தளபதி இல்லை. போர் முடிந்தபின் ஒரு தந்தை நாற்காலியில் அமர்ந்திருக்கின்றார். மடியிலிருக்கும் சிறுமி, மாபெரும் யுத்தத்தில் அவர் என்ன செய்தார் என வினவுகின்றாள். மகனோ தரையிற் பொம்மைப் போர்வீரரை அடுக்கி விளையாடுகின்றான். தந்தை விடை கூறாது நம்மை நோக்குகின்றார். இங்கே ஆயுதம் வெட்கம். அதனை ஏந்துவது குழந்தையின் கை.

இச்சித்திரம் மறைத்ததொன்றும் உண்டு. போருக்குச் சென்றவன் மீண்டு வந்து, அந்நாற்காலியிலமர்ந்து, பெருமையோடு விடையிறுப்பான் என்பது இதன் சொல்லாத வாக்குறுதி. பிரித்தானியர் 7 இலட்சம் பேருக்கு மேற்பட்டோர் அந்நாற்காலிக்குத் திரும்பவேயில்லை. அவர்தம் பிள்ளைகளுக்கு அவ்வினாவைக் கேட்கத் தந்தையும் இல்லை.

விரலும் வெட்கமும் போதாதெனக் கண்ட அரசாங்கம் 1916 ஜனவரியிற் கட்டாயப் படைச்சேவைச் சட்டத்தை நிறைவேற்றிற்று. சட்டத்தையாவது பாராளுமன்றத்தில் எதிர்த்துப் பேசலாம். பேச்சற்ற படத்தோடு வாதிடுதல் எளிதன்று. ஆதலால் நேயர்களே, விளம்பரப் படமொன்று நம் நெஞ்சைத் தொடும்பொழுது, அது காட்டுவதைக் கண்டபின், அதில் வரையப்படாதது யாதெனவும் ஒரு கணம் நின்று கேட்போமாக.