இழுப்பை எண்ணிய இலத்திரனியல் சிகரெட்

தீயும் புகையிலையும் இல்லாத சிகரெட்டுக்கு அமெரிக்கரான ஹேர்பர்ட் கில்பர்ட் 1965இலேயே காப்புரிமை பெற்றார். ஆனால், இன்றைய இலத்திரனியல் சிகரெட்டுக்கு வழி திறந்தவர் சீன மருந்தாளர் ஹொன் லிக். புகைப் பழக்கத்துக்கு அடிமையாகியிருந்த அவர் 2003இல் இதை உருவாக்கினார்.

அதை வலையமைப்போடு சேர்க்கும் ஆரம்ப முயற்சி விளையாட்டுத்தனமானது. 2011இல் அமெரிக்காவின் புளூ நிறுவனம் அறிவித்த சிகரெட் பெட்டி, 50 அடிக்குள் அதேபோன்ற இன்னொரு பெட்டி வந்தால் அதிரும். புகைப்பவருக்குக் கூட்டாளி தேடிக் கொடுக்க ஒரு தொழில்நுட்பம்!

பிரான்ஸின் ஸ்மோக்கியோ இதைவிடப் பொறுப்பாக யோசித்தது. சாதாரண சிகரெட் எரிந்து முடிந்துவிடும். எத்தனை குடித்தோம் என்று எண்ணலாம். இலத்திரனியல் சிகரெட்டில் அந்த முடிவு இல்லை. எனவே நாங்கள் வகுப்பில் இடாப்பு மார்க் பண்ணுவதுபோல, ஒவ்வொரு இழுப்பையும் கருவியே பதிந்தது. புளூடூத் வழியாக அது கைத்தொலைபேசிக்குப் போகும். மிச்சமான பணத்தையும் செயலி காட்டும். ஆனாலும் கருவிக்குத் தெரிவது இழுப்பு மட்டுமே, இரத்தத்தில் கலந்த நிக்கொட்டின் அல்ல.

அந்த இடாப்பு யாரிடம் இருக்கிறது என்பதுதான் எனக்குள்ள சந்தேகம். 2019இல் ஜூல் நிறுவனம் பிரித்தானியாவிலும் கனடாவிலும் வெளியிட்ட சீ1 கருவியில் வயதை உறுதிப்படுத்தும் வசதியும் பூட்டும் இருந்தன. சிறுவர்களைத் தடுக்க நல்ல ஏற்பாடுதான். ஆனால் வாடிக்கையாளர் எப்போது, எவ்வளவு இழுக்கிறார் என்ற கணக்கும் நிக்கொட்டின் விற்பவரின் செயலிக்குள்ளேயே சேர்ந்தது. அதே ஆண்டு நவம்பரில் அப்பிள் நிறுவனம் இவ்வகைச் செயலிகள் 181ஐத் தன் கடையிலிருந்து நீக்கியது.