பஸ்பியின் பிள்ளைகள்

இங்கிலாந்தின் மான்செஸ்ரர் யுனைற்றெட் உதைபந்தாட்டக் கழகம், 41 ஆண்டுகள் காத்திருந்து, 1952ஆம் ஆண்டில் லீக் வாகையைச் சூடிற்று. ஆயினும் வென்ற வீரர்களிற் பலர் ஆட்டத்துக்குரிய வயதைக் கடந்துகொண்டிருந்தனர். அடுத்த பருவத்திலேயே கழகம் எட்டாம் இடத்துக்கு இறங்கிற்று.

பெயர்பெற்ற வீரர்களை விலைக்கு வாங்கி அணியை நிரப்புவதே பெருங்கழகங்களின் வழக்கம். முகாமையாளர் மற் பஸ்பியோ, துணைவர் ஜிம்மி மேர்பி பயிற்றிய இளைஞரை முன்னணிக்கு அழைத்தார். 1953 முதல் 1957 வரை, இளைஞர் கிண்ணத்தின் முதல் ஐந்து போட்டிகளிலும் வென்றவர்கள் அவர் பிள்ளைகளே.

எனினும் மூன்று பருவங்கள் லீக் வாகை கிட்டவில்லை. இன்றைய கழக அதிபர்கள் அத்துணைப் பொறுமை காட்டுவரோ? பஸ்பிக்கு அப்பொறுமையை ஈட்டித் தந்தவை 1948இன் எஃப். ஏ. கிண்ணமும் 1952இன் வாகையுமே என்பது என் துணிபு. முன்னைய வெற்றியை முதலாக இட்டே அவர் இளைஞரை வளர்த்தார்.

அவர் வீரரை வாங்காமலும் இருந்தாரல்லர். 1953இல் பாண்ஸ்லிக் கழகத்திலிருந்து ரொமி ரெயிலரை 29,999 பவுணுக்குப் பெற்றார். 'முப்பதினாயிரம் பவுண் வீரன்' என்னும் சுமை அவ்விளைஞன் தலையில் ஏறலாகாதென்றே ஒரு பவுண் குறைக்கப்பட்டது!

1956இலும் 1957இலும் வாகை மீண்டது. 1958 பெப்ரவரி 6ஆந் திகதி மியூனிச் விமான விபத்து எட்டு வீரர்களைக் கொண்டுபோயிற்று. ரெயிலரும், 21 வயதே நிரம்பிய டங்கன் எட்வேர்ட்ஸும் அவர்களுள் அடங்குவர்.

பத்தாண்டு கழித்து, 1968 மே 29ஆந் திகதி, வெம்பிளியில் பென்பிக்காவை 4–1 என வென்று கழகம் ஐரோப்பியக் கிண்ணத்தைப் பெற்றது. மியூனிச்சில் உயிர்தப்பிய பொபி சாள்ற்றன் இரு கோல்களை அடித்தார். மற்றொன்றை அடித்த பிரயன் கிட், கழகத்திலேயே வளர்ந்தவர். அன்று அவருக்குப் பத்தொன்பதாவது பிறந்தநாள்.