விளையாட்டுப் போரில் கவசக் கணக்கு

கவசத்திற்கு நம் முன்னோர் இட்ட பெயர்களுள் ஒன்று மெய்ம்மறை. மெய்யை மறைப்பது என்பது அதன் பொருள். பழைய உரைகாரர்கள் இதனை மெய்புகு கருவி என்றும் வழங்குவர். பதிற்றுப்பத்தில் சேர வேந்தனைப் புகழ வந்த புலவர், அவனே தன் வீரர்க்கு மெய்ம்மறை என்கிறார். வீரர்மேல் வரும் அடியைத் தலைவன் முன்னின்று ஏற்றுக்கொள்கிறான் என்பது கருத்து. அடியைத் தான் வாங்கிக்கொள்வதே கவசத்தின் தொழில்.

வாங்கிய அடி கவசத்தைச் சும்மா விட்டுவிடுமா? புறநானூற்றின் 13-ஆம் பாட்டு இதற்கு விடை தருகிறது. கருவூரில் வேண்மாடத்தின்மேல் சேரமான் அந்துவஞ்சேரல் இரும்பொறையோடு அமர்ந்திருக்கிறார் உறையூர் ஏணிச்சேரி முடமோசியார். கீழே யானைமேல் வருகிறான் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளி. அவன் மார்பில் புலித்தோற் கவசம் விளங்குகிறது. பகைவர் எய்த அம்புகள் பாய்ந்து அதன் அழகிய பொருத்துவாய்கள் சிதைந்து கிழிந்திருக்கின்றன. புலவர் கண்ணுக்கு அந்தக் கிழிசலே அழகாகத் தோன்றுகிறது. நாமோ வேறொன்றையும் அதில் காண்கிறோம். கவசம் செலவாகும் பொருள்; ஒவ்வொரு அம்பும் அதிலிருந்து சிறிது சிறிதாகக் கழித்துக்கொண்டே போகிறது.

இந்தக் கழித்தலை எண்ணிட்டுக் கணக்கிடும் ஒரு விளையாட்டு இன்று உலகின் பல நாடுகளில் ஆடப்படுகிறது. வீரராகவும் வேந்தராகவும் வேடம் புனைந்துகொண்டு, நுரைப்பஞ்சு பொதிந்த வாளை ஏந்தி, காட்டிலும் திடலிலும் நேருக்கு நேர் நின்று ஆடும் ஆட்டம் அது. லார்ப் என்பது அதன் சுருக்கப் பெயர். அதில் ஒவ்வொருவரும் அணியும் கவசத்துக்கு இத்தனை புள்ளி என்று விதி உண்டு. அந்தப் புள்ளி எங்கிருந்து பிறந்தது, எவ்வாறு எண்ணப்படுகிறது, அந்தக் கணக்கை நம் சிலம்பக் களத்தின் கணக்கோடு ஒப்பிட்டால் என்ன புலப்படும் என்பவற்றைக் காண்போம்.

மெய்யான போரில் கவசத்துக்கு எண் தேவையில்லை. தாங்கினால் உயிர் மிஞ்சும், தாங்காவிடில் போகும். மும்பையில் வாழும் நம்மவர் இத்தகைய மெய்க் கவசங்களை எளிதாகக் காணலாம். திலக் நகர் நிலையத்தில் துறைமுக வழி இரயில் ஏறிச் சத்திரபதி சிவாஜி மகாராஜ் முனையத்தில் இறங்கினால், முன்னாளில் வேல்ஸ் இளவரசர் பெயரால் வழங்கிய பெரிய அருங்காட்சியகம் தொலைவில் இல்லை. அங்குள்ள படைக்கலக் கூடத்தில் அக்பருடையது எனப்படும் மார்புக் கவசமும் கேடயமும் வைக்கப்பட்டிருக்கின்றன. சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்திலோ தஞ்சை அரண்மனைப் படைக்கலங்கள் உள்ளன. மராட்டிய மரபினர் தஞ்சையை ஆண்ட காலத்தை நினைத்தால், இவ்விரு கூடங்களும் நமக்கு ஒரே வரலாற்றின் இரு அறைகளாகத் தோன்றும்.

விளையாட்டில் நிலைமை வேறு. ஆடுவோன் தன் அடியைப் பாதியில் அடக்கிக்கொள்கிறான். அடக்கிய அடி தோலைக் கிழிப்பதில்லை. இரும்பை வளைப்பதும் இல்லை. ஆகவே கவசம் எவ்வளவு தாங்கியது என்பதைக் கவசத்தைப் பார்த்து அறிய இயலாது. அறியவேண்டுமானால் அதற்கு ஓர் எண்ணை முன்னரே பேசி வைத்துக்கொள்ள வேண்டும்.

நம் தெருக்கூத்தில் இந்தத் தொல்லை எழுவதில்லை. கர்ண மோட்சக் கூத்தில், மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டுகள் பதித்த மார்புக்கட்டையும் புஜக்கட்டையும் கிரீடமும் பூண்டு கர்ணன் ஆடுகிறான். அவன் எத்தனை அடி தாங்குவான் என்று எவரும் எண்ணுவதில்லை. பிறவியோடு வந்த கவச குண்டலங்களை இந்திரனுக்குத் தானமாக ஈந்துவிட்ட கதை சபைக்குத் தெரியும், முடிவும் தெரியும். கூத்தில் வெற்றியைக் கதை தீர்மானிக்கிறது. முடிவு தெரியாத ஆட்டத்திலேதான் கணக்கு வேண்டியிருக்கிறது.

சிலம்பம் அத்தகைய ஆட்டம். கம்பைச் சுழற்றிக் காட்டும் அலங்கார வீச்சு ஒருபுறம் இருக்க, இருவர் எதிர்நின்று ஆடும் தொடுமுறையில் யார் யாரை எத்தனை முறை தொட்டார் என்பதே வெற்றியின் அளவு. தலைப்பாகை, கையில்லாச் சட்டை, மார்புக் காப்பு ஆகியவற்றை அணிந்தும், பிரம்பில் முடைந்த கேடயம் ஏந்தியும் ஆடும் முறை உண்டு. தொட்டதைத் துல்லியமாக எண்ணுவதற்கு ஆசான்கள் கண்ட வழி மிக எளியது. கம்பில் ஒட்டும் தன்மையுள்ள சாம்பலைப் பூசிவிடுவார்கள். கம்பு பட்ட இடத்தில் சாம்பல் தடம் பதியும். ஆட்டம் முடிந்ததும் தடங்களை எண்ணினால் வழக்கு முடிந்தது. காலடியில் வைத்த பணமுடிப்பை எதிரி கவராமல் காப்பதே வெற்றி என்று ஆடுவதும் உண்டு. நெற்றியில் தொட்டவனே வென்றான் என்று முடிப்பதும் உண்டு.

இங்கே ஒரு நுட்பத்தை நோக்க வேண்டும். மார்புக் காப்பு உடலைக் காக்கிறது, புள்ளியைக் காப்பதில்லை. காப்பின்மேல் பட்ட தடமும் தடமே. இருவரும் ஒரே வகைக் காப்பு அணிவதால், அதனால் ஒருவருக்கு ஏற்றமும் மற்றவருக்குத் தாழ்வும் இல்லை. மராட்டிய மண்ணின் அகாடாக்களில் தோலுறை போர்த்த கோலும் சிறு கேடயமும் கொண்டு ஆடும் பரி-கத்கா என்னும் ஆட்டமும் சிலம்பத்துக்கு நெருங்கிய உறவு. மொழி வேறாயினும் கோலைப் பிடித்த கைக்கு இது விளங்கும்.

கவசத்துக்குத் தனியே எண் கொடுக்கும் வழக்கமோ மேனாட்டுப் போர்ப் பலகை ஆட்டங்களில் வளர்ந்தது. நம் நாட்டுச் சதுரங்கத்தில் யானை, குதிரை, தேர், காலாள் எதுவாயினும் ஒருமுறை பிடிபட்டால் நீங்கிவிடும். பாதி அடிபட்ட யானை அதில் கிடையாது. 1824-இல் பிரஷ்ய நாட்டு இளம் அதிகாரி ரைஸ்விட்ஸ் வெளியிட்ட போர் விளையாட்டிலோ, படைப்பிரிவின் இழப்பு பகடையாலும் அட்டவணையாலும் கணக்கிடப்பட்டது. படை முற்றிலும் அழியாமல் படிப்படியாகக் குறையலாம் என்னும் கருத்து இங்கே நிலைபெற்றது.

பின்னர் இரும்புக் கப்பல்களின் காலம் வந்தது. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862 மார்ச் 9-ஆம் நாள், மானிட்டர், வர்ஜீனியா என்னும் இரண்டு இரும்புக் கவசக் கப்பல்கள் மணிக்கணக்கில் ஒன்றையொன்று சுட்டும், இரண்டில் எதுவும் மூழ்கவில்லை. இத்தகைய கப்பல்களை ஆட்டத்தில் கொண்டுவர விரும்பியவர்களுக்குக் கவசத்தின் வலிமையை எண்ணாகக் குறிப்பது இன்றியமையாததாயிற்று. டேவ் ஆர்னசன் என்னும் அமெரிக்கர் அந்தக் கப்பல் ஆட்ட விதியிலிருந்து கவச வகுப்பு என்னும் கருத்தை எடுத்து மனிதருக்குப் பொருத்தினார். அவரும் கேரி கைகாக்ஸும் 1974-இல் வெளியிட்ட ‘டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ்’ என்னும் மேசை விளையாட்டில் கவசம் இல்லாதவனுக்கு 9, தோற்கவசத்துக்கு 7, சங்கிலிக் கவசத்துக்கு 5, தகட்டுக் கவசத்துக்கு 3, அதனோடு கேடயமும் சேர்ந்தால் 2 என்று எண்கள் அமைந்தன. எண் குறையக் குறையக் காப்பு மிகும். எண் குறைந்தவனைத் தாக்குவதற்குப் பகடையில் பெரிய எண் விழவேண்டும். எண் மிகுந்தால் காப்பு மிகும் என்று இது தலைகீழாக்கப்பட்டது 2000-ஆம் ஆண்டுப் பதிப்பிலேதான்.

இந்த விதி மேசைக்குப் பொருந்தும், திடலுக்குப் பொருந்தாது. பகடை சொன்னால் அடி படவில்லை என்று மேசையில் ஒப்புக்கொள்ளலாம். திடலில் வாள் தோளில் விழுந்ததை ஆடியவர் இருவரும் கண்டார்கள். பக்கத்தில் நின்றவரும் கண்டார்கள். பட்டதைப் படவில்லை என்பது எப்படி? ஆகவே, அடி பட்டது, ஆனால் கவசம் அதை வாங்கிக்கொண்டது என்று விதியை மாற்றவேண்டியதாயிற்று. கவசம் அடியைத் தவிர்க்கும் எண்ணாக இருந்தது போய், அடியை ஏற்றுச் செலவாகும் எண்ணாக மாறியது. முடமோசியார் கண்ட கிழிந்த கவசத்துக்கு இது எவ்வளவு நெருங்கிய கணக்கு!

அமெரிக்காவில் 1977-இல் மேரிலாந்தில் தாகோர்கிர், 1983-இல் டெக்சாஸ் மாநில எல்பாசோவில் ஆம்ட்கார்டு ஆகிய மன்றங்கள் தோன்றின. இங்கிலாந்தில் 1982-இல் பெக்ஃபோர்ட்டன் கோட்டையில் டிரஷர் டிராப் என்னும் ஆட்டம் தொடங்கிற்று. மன்றத்துக்கு மன்றம் விதி வேறுபடினும், கவசக் கணக்கு பெரும்பாலும் நான்கு கேள்விகளுக்கு விடையாக அமைகிறது. கவசம் எந்தப் பொருளால் ஆனது? உடலில் எவ்வளவு இடத்தை மறைக்கிறது? புள்ளிகள் உடல் முழுமைக்கும் ஒரே தொகையா, உறுப்புதோறும் தனித்தனியா? செலவான புள்ளி எவ்வாறு மீளும்?

ஓர் எடுத்துக்காட்டால் இதை விளக்குவோம். தோற்கவசத்துக்கு 2, சங்கிலிக் கவசத்துக்கு 3, தகட்டுக் கவசத்துக்கு 4, தலைச்சீராவுக்கு 1 என்று ஒரு விதி இருப்பதாகக் கொள்வோம். வெறும் உடலுக்கு 2 அடி. சங்கிலிக் கவசமும் தலைச்சீராவும் பூண்டவனுக்கு 3, 1, 2 ஆக மொத்தம் 6. ஒரே தொகை என்னும் முறையில், அடி எங்கே விழுந்தாலும் ஒன்று கழியும். ஆறாவது அடியில் வீழ்வான். எண்ணுவது எளிது. ஆனால் மறைக்கப்படாத முழங்கையில் பட்ட அடிக்கும் மார்பின் இரும்பு விலை கொடுக்கிறது என்னும் விந்தை அதில் உண்டு. உறுப்புதோறும் எண்ணும் முறையில் மார்புக்கு 3 இருக்க, கவசமற்ற கையில் பட்ட முதல் அடியே உடலைச் சேரும். இது உண்மைக்கு அண்மையது. ஆனால் ஓடிக்கொண்டே ஐந்தாறு கணக்குகளை மனத்தில் வைத்திருக்க வேண்டும். புள்ளி தீர்ந்தபின் கொல்லன் வேடம் பூண்டவரிடம் சென்று, அவர் சில நிமிடம் சுத்தியலும் கையுமாக இருந்து செப்பனிட்ட பிறகே கவசம் மீண்டும் பயன்படும் என்று வைத்திருப்பவர்களும் உளர். ஆட்டத்தில் கொல்லருக்கும் ஒரு மதிப்பு கிடைக்கிறது; அது நல்ல ஏற்பாடே.

இனி, இக்கணக்கில் ஒளிந்திருக்கும் வழக்குக்கு வருவோம். உயர்ந்த கவசத்துக்கு மிகுந்த புள்ளி என்றால், பணமுள்ளவன் ஆறு அடி தாங்குவான். இல்லாதவன் இரண்டில் வீழ்வான். ஆட்டம் கைத்திறத்தின் சோதனையா, பணப்பையின் சோதனையா? இதற்கு ஒரு சமாதானம் சொல்லப்படுகிறது. இரும்புச் சங்கிலிச் சட்டை ஏறத்தாழப் பத்துக் கிலோ எடை உள்ளது. அதை நாள் முழுதும் சுமந்து வியர்ப்பவனுக்கு அந்தப் புள்ளி கூலியாகும் என்பார்கள். இதில் ஓரளவு நியாயம் உண்டு. ஆயினும் சுமக்க வலிமையிருந்தும் வாங்க வழியில்லாதவன் கேள்விக்கு இது விடையாகாது.

வேறொரு விடையைக் கண்டவர்கள் அமெரிக்காவில் உளர். 1966 மே 1-ஆம் நாள் கலிபோர்னியாவின் பெர்க்லியில் நடந்த ஒரு வேடப் போட்டியில் பிறந்த பழமைவழிக் கழகத்தார் மெய்யான கவசம் அணிந்து, பிரம்புக் கோலால் அழுத்தமாகவே அடித்து ஆடுகிறார்கள். காயம்படாமல் காக்க இன்னின்ன உறுப்புக்கு இன்னின்ன காப்பு கட்டாயம். ஆனால் கணக்கிலோ, ஒருவன் தகட்டுக் கவசம் பூண்டாலும், மற்றவன் தோலும் பஞ்சும் கட்டினாலும், இருவரும் ஒரே சங்கிலிக் கவசமும் ஒரே வகைத் தலைச்சீராவும் அணிந்ததாகவே பாவிக்கப்படுவர். அந்தப் பாவனைக் கவசத்தை எந்த அடி பிளந்திருக்குமோ அதுவே வெற்றி அடி. உடலுக்கு ஒரு கவசம், கணக்குக்கு ஒரு கவசம் என்று பிரித்ததால் செல்வம் களத்துக்கு வெளியே நின்றுவிடுகிறது. நம் சிலம்பக் களத்தில் மார்புக் காப்பு உடலை மட்டும் காத்துப் புள்ளியைக் காவாமல் நின்றதும் இதே நீதியைச் சார்ந்ததுதான்.

எஞ்சியது சாட்சி. கணக்கை யார் வைப்பது? சிலம்பத்தில் சாம்பல் வைக்கிறது. வாள்வீச்சில் மின்சாரம் வைக்கிறது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் எப்பே வாளுக்கு மின்கருவி வந்தது. டோக்கியோவில் 2021-இல் நடந்த ஒலிம்பிக்கில், இந்தியாவிலிருந்து வாள்வீச்சுக்குச் சென்ற முதல் வீராங்கனையான சென்னையின் பவானி தேவி, முதல் ஆட்டத்தில் 15-3 என்று வென்று, அடுத்ததில் 7-15 என்று தோற்றார். அங்கே அணியும் மேற்சட்டை மின்சாரத்தைக் கடத்தும். அது அடியை மறைப்பதற்கு மாறாக, பட்ட அடியை விளக்கெரித்து ஊருக்கு அறிவிக்கிறது.

வேடப் போரில் சாம்பலும் இல்லை, விளக்கும் இல்லை. பெர்க்லியில் பிறந்த கழகத்திலும் பெரும்பாலான பிற மன்றங்களிலும், அடி பட்டதா, கவசத்தில் எத்தனை மிச்சம் என்பதை அடி வாங்கியவனே சொல்ல வேண்டும். அவன் ஐந்தை நான்கு என்றால் கேட்பார் இல்லை. ஆனால் இரண்டுமுறை அப்படிச் சொன்னவனோடு மூன்றாம் முறை ஆட எவரும் வரமாட்டார்கள். விதிப்புத்தகம் எத்துணைப் பெரிதாயினும் அது இந்த ஒரு சொல்லின்மேலேதான் நிற்கிறது.

திலக் நகரின் அடுக்குக் கட்டடங்களுக்கு இடையே மாலை வேளையில் தமிழ்ப் பிள்ளைகளும் மராட்டியப் பிள்ளைகளும் கோலெடுத்து ஆடுவதைப் பெற்றோர் தடுக்கவேண்டியதில்லை. கண்ணுக்கும் தலைக்கும் தக்க காப்பைக் கட்டிவிடுங்கள். எத்தனை தொடுகைக்கு ஆட்டம் என்பதை இரு மொழியிலும் முன்னதாகவே பேசச் செய்யுங்கள். கோல்முனையில் சிறிது சாம்பல் பூசிக் கொடுத்தால், பட்டது, படவில்லை என்னும் வாதம் எழாது. சாம்பல் உதிர்ந்த இடத்திலும் ‘எனக்குப் பட்டது’ என்று தானே சொல்லிக் கோலைத் தாழ்த்தும் பிள்ளையை, அன்றைய ஆட்டத்தில் அவன் தோற்றிருந்தாலும், முதலில் பாராட்டுங்கள்.