ஆலை மூடியது, கணக்கு மூடவில்லை



சென்னை விமான நிலையத்தில் இறங்கித் தாம்பரம் பக்கம் போனவர்களுக்குக் குரோம்பேட்டை தெரிந்திருக்கும். நம்மில் சிலருக்கு அங்கே உறவினர்களும் இருக்கலாம். அந்த ஊருக்கு அப்பெயர் எப்படி வந்தது? இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே 'குரோம் லெதர் கம்பெனி' என்ற தோல் தொழிற்சாலை நடந்து வந்தது. குரோமியம் என்ற உலோகத்தின் உப்பைக் கொண்டு தோல் பதனிட்ட இடம் அது. கம்பெனியின் பெயரே ஊரின் பெயராகிவிட்டது.

பெயர் தங்கியதில் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் குரோமியத் தொழில் வேறு சில ஊர்களில் வேறொன்றைத் தங்க வைத்துவிட்டுப் போயிருக்கிறது. ஆலை மூடி, முதலாளி மறைந்து, வேலை பார்த்தவர்களின் பேரப்பிள்ளைகளும் பெரியவர்களான பிறகும், மண்ணுக்கு அடியிலிருந்து கசியும் கழிவு அது. ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ, அமெரிக்காவில் ஜெர்சி சிட்டி, தமிழகத்தில் இராணிப்பேட்டை. இந்த மூன்று ஊர்களின் வரலாற்றை இன்று பார்ப்போம். ஒரு தொழிலின் உண்மையான விலை என்ன, அந்த விலையை யார் கட்டுகிறார்கள் என்பதுதான் நமது கேள்வி.

நிறத்தால் வந்த பெயர்

1797ஆம் ஆண்டு பிரெஞ்சு வேதியியல் அறிஞர் லூயி நிக்கோலா வோக்லன், சைபீரியாவிலிருந்து வந்த சிவப்புக் கனிமம் ஒன்றில் இந்தப் புதிய உலோகத்தைக் கண்டுபிடித்தார். மஞ்சள், ஆரஞ்சு, பச்சை, சிவப்பு என்று இதன் சேர்மங்கள் பல வண்ணங்களில் அமைந்தன. எனவே கிரேக்க மொழியில் நிறம் எனப் பொருள்படும் 'குரோமா' என்ற சொல்லிலிருந்து இதற்குப் பெயர் சூட்டினார்கள்.

இன்று குரோமியம் எடுக்கும் தாது குரோமைட். பார்வைக்குக் கருங்கல் போல இருக்கும். இந்தத் தாதுவுக்கு இரண்டு பெரிய வழிகள் உண்டு. முதல் வழி, இரும்போடு சேர்ந்து எஃகாவது. நம் வீட்டு எவர்சில்வர் தட்டில் குறைந்தது 10.5 விழுக்காடு குரோமியம் இருக்கிறது. துருப்பிடிக்காத குணம் அதனால்தான் வருகிறது. இரண்டாவது வழி, இரசாயனமாவது. துணிச்சாயம், வண்ணப்பூச்சு, உலோக முலாம், தோல் பதனிடுதல் எல்லாம் இதில் அடங்கும். நாம் பேசப் போவது இந்த இரண்டாவது வழியைப் பற்றி.

இதன் செய்முறையைத் தெரிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். குரோமைட்டை நன்றாகப் பொடி செய்து, சோடா உப்பும் சுண்ணாம்பும் கலந்து, ஆயிரம் டிகிரி செல்சியசுக்கும் மேலான வெப்பத்தில் உலையில் வறுக்கிறார்கள். தாதுவில் இருப்பது மூன்றாம் நிலைக் குரோமியம். அது நீரில் எளிதில் கரையாது, பெரிய தொல்லையும் தராது. உலையில் காற்றோடு சேர்ந்தவுடன் அது ஆறாம் நிலைக்கு மாறுகிறது. இந்த ஆறாம் நிலைக் குரோமியம் நீரில் கரையும், தோலை அரிக்கும், மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலைக் கெடுக்கும். வறுத்த கலவையில் தண்ணீர் விட்டு மஞ்சள் நிறச் சாறாக இதை இறக்கிக்கொள்கிறார்கள்.

காப்பிக்கு டிகாஷன் இறக்கிய பின் வடிகட்டியில் சக்கை தங்குகிறதல்லவா? அதுபோல இங்கேயும் சக்கை தங்கும். சுண்ணாம்பை அதிகமாகக் கலக்கும் பழைய முறையில், ஒரு டன் சரக்குக்கு இரண்டு டன்னுக்கும் மேல் சக்கை. அதிலிருந்து சாறு முழுவதும் இறங்கிவிடாது. ஆறாம் நிலைக் குரோமியத்தில் ஒரு பங்கு சுண்ணாம்போடு ஒட்டிக்கொண்டு உள்ளேயே இருக்கும். ஆலை அதை விட்டுவிடும், மழை விடாது. ஒவ்வொரு மழையும் இன்னொரு முறை டிகாஷன் இறக்கும்.

கிளாஸ்கோவின் 'செத்த மனிதர்கள்'

கிளாஸ்கோ நகரத்தை ஒட்டிய ரதர்கிளன் என்ற இடத்தில், ஜே அண்டு ஜே ஒயிட் என்ற நிறுவனம் 1830ஆம் ஆண்டு வாக்கில் குரோமிய இரசாயனம் தயாரிக்கத் தொடங்கியது. இந்தப் பொருள் உடலைக் கெடுக்கும் என்று அப்போது யாருக்கும் தெரியாதா என்று சிலர் கேட்கலாம். தெரிந்திருந்தது. அதே கிளாஸ்கோவில் வில்லியம் கியூமின் என்ற மருத்துவர், குரோமியச் சாயத்தில் கை வைத்தவர்களுக்கு ஆறாத புண் வருவதை 1827லேயே எழுதி வைத்துவிட்டார்.

ஆலைத் தொழிலாளர்களுக்கு மூக்கின் நடுச்சுவர் அரித்து ஓட்டை விழுந்தது. உடம்பெல்லாம் மஞ்சள் தூசி படிந்ததால் ஊர் மக்கள் அவர்களை 'ஒயிட்டின் மஞ்சள் குருவிகள்' என்றார்கள். 'ஒயிட்டின் செத்த மனிதர்கள்' என்றும் சொன்னார்கள்.

அந்த ஆலையின் அதிபர் ஜான் கேம்பல் ஒயிட், பின்னாளில் ஓவர்டவுன் பிரபு. தேவாலயங்களுக்கும் அறப்பணிகளுக்கும் வாரி வழங்கிய பெரிய மனிதர். ஞாயிற்றுக்கிழமை ஓய்வு நாள், அன்று டிராம் வண்டிகூட ஓடக்கூடாது என்று வாதாடியவர். ஆனால் அவருடைய ஆலையிலோ வாரம் ஏழு நாளும், நாளைக்குப் பன்னிரண்டு மணி நேரமும் வேலை. 1899ஆம் ஆண்டு தொழிற்கட்சித் தலைவர் கெய்ர் ஹார்டி இதைத் துண்டுப் பிரசுரங்களில் எழுதி ஊரறியச் செய்தார். சொல்லுக்கும் செயலுக்கும் இருந்த இடைவெளி சந்திக்கு வந்தது.

தொழிலாளர்களின் துயரம் இப்படியாவது வெளியே வந்தது. சக்கையின் கதையை அப்போது யாரும் பேசவில்லை. பழைய கல்குவாரிகள், கைவிட்ட சுரங்கங்கள், பள்ளமான நிலங்கள் என்று எங்கெல்லாம் இடம் இருந்ததோ அங்கெல்லாம் கொட்டினார்கள். தென்கிழக்குக் கிளாஸ்கோவில் கொட்டப்பட்டது மொத்தம் 25 லட்சம் டன் என்பது ஒரு மதிப்பீடு. 1960களின் பிற்பகுதியில் ஆலை மூடியது. அதன் பிறகு அரை நூற்றாண்டு கடந்து, 2019ஆம் ஆண்டு அந்த வட்டாரத்தில் ஓடும் போல்மடி ஓடையில் தண்ணீர் பளபளக்கும் பச்சை மஞ்சள் நிறத்தில் ஓடியது. நிலத்தடியில் கிடந்த குரோமியம்தான் காரணம். இன்று அந்த நிலங்களைச் சீரமைக்கும் செலவு பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்து போகிறது. ஓவர்டவுன் பிரபு 1908லேயே கண்மூடிவிட்டார்.

ஜெர்சி சிட்டியில் வந்த தீர்ப்பு

அமெரிக்காவின் ஜெர்சி சிட்டி வட்டாரத்தில் மூன்று ஆலைகள் இதே தொழிலை நடத்தின. கடைசி ஆலை 1976இல் நின்றது. அங்கே சக்கையை வீணாகக் கொட்டவில்லை, நிலம் நிரப்பப் பயன்படுத்தினார்கள். பார்ப்பதற்கு நல்ல மணல் போல இருந்ததால், சதுப்பு நிலத்தை மேடாக்கவும் கட்டடங்களுக்கு அடித்தளம் போடவும் லாரி லாரியாகப் போனது. பிற்காலத்தில் சுவர்களிலும் நிலவறைகளிலும் மஞ்சள் பூத்தபோதுதான் விஷயம் வெளிப்பட்டது.

ஹேக்கன்சாக் ஆற்றோரம் 34 ஏக்கர் நிலம் ஒன்றில் மட்டும் பத்து லட்சம் டன்னுக்கும் மேல் கிடந்தது. அதைக் கொட்டிய நிறுவனத்தை வேறொரு நிறுவனம் வாங்கி, அது கைமாறிக் கடைசியில் ஹனிவெல் நிறுவனத்திடம் வந்து சேர்ந்திருந்தது. சமய அமைப்புகளும் அப்பகுதி மக்களும் கூடி வழக்குத் தொடுத்தார்கள். 2003ஆம் ஆண்டு கூட்டரசு நீதிமன்றம், மேலே மூடி வைத்தால் போதாது, முழுவதையும் தோண்டி எடுக்க வேண்டும் என்று தீர்ப்பளித்தது. மேல்முறையீட்டிலும் 2005இல் அத்தீர்ப்பு நின்றது. 1954க்குப் பிறகு கொட்டாத கழிவுக்கு, ஐம்பது ஆண்டு கழித்து ஒருவர் பொறுப்பேற்க வேண்டியதாயிற்று. கம்பெனியை வாங்கியவர் அதன் கடனையும் சேர்த்தே வாங்கியிருக்கிறார் என்பதுதான் அதன் சாரம்.

ஆவாரம்பட்டையும் குரோமியமும்

இனி நம் தாய்த்தமிழகத்துக்கு வருவோம். பாலாற்றங்கரை ஊர்களான வாணியம்பாடி, ஆம்பூர், இராணிப்பேட்டை ஆகியவற்றில் தோல் பதனிடும் தொழில் பழமையானது. அந்தக் காலத்தில் ஆவாரம்பட்டையில் ஊற வைத்துப் பதனிட்டார்கள். வாரக்கணக்கில் ஆகும். குரோமிய உப்பிலோ ஓரிரு நாளில் வேலை முடிந்துவிடும். தோலும் தண்ணீரில் எளிதில் கெடாது. மதராஸில் இம்முறையைக் கொண்டுவந்த ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி, கிணற்றில் கவலை இறைக்கும் தோல் சாலுக்கு இது உதவும் என்றுதான் முதலில் எண்ணினார். உழவனுக்கு உதவட்டும் என்று வந்த சரக்கு, பின்னாளில் உழவனின் கிணற்றையே கெடுக்கப் போகிறது என்று அவர் நினைத்துப் பார்த்திருக்க மாட்டார்.

1970களில் இந்திய அரசு, பச்சைத் தோலை அப்படியே ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முழுதாகப் பதனிட்ட தோலை ஊக்குவித்தது. நாட்டுக்கு வருமானம், மக்களுக்கு வேலை என்பது நோக்கம். வேலையும் கிடைத்தது, வருமானமும் வந்தது. அதோடு குரோமிய உப்பின் தேவையும் பெருகியது. 1970களின் நடுவில் இராணிப்பேட்டைத் தொழிற்பேட்டையில் தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற ஆலை எழுந்தது. ஏறக்குறைய இருபது ஆண்டுகள் ஓடி, 1990களின் நடுவில் மூடிக்கொண்டது. வளாகத்திலேயே திறந்தவெளியில் ஒன்றரை லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட கழிவு மலைபோல் நின்றது.

கிளாஸ்கோவின் கதை தெரிந்த நமக்கு அடுத்து என்ன நடந்தது என்று சொல்லத் தேவையில்லை. மழை பெய்தது, சக்கை கரைந்தது, சுற்றுவட்டாரத்தில் நிலத்தடி நீர் மஞ்சளாகியது. குடிநீரில் குரோமியம் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக்கூடாது என்பது இந்தியத் தர வரம்பு. ஆலையை ஒட்டிய கிணறுகள் அந்த வரம்பைப் பன்மடங்கு தாண்டின. 2006ஆம் ஆண்டு பிளாக்ஸ்மித் என்ற அமெரிக்கச் சுற்றுச்சூழல் அமைப்பு, உலகின் மிக மாசடைந்த பத்து இடங்களைப் பட்டியலிட்டது. செர்னோபில் இருந்த அதே பட்டியலில் இராணிப்பேட்டையும் இருந்தது.

இதற்குப் பத்தாண்டு முன்பே, 1996இல், வேலூர் மக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் இந்திய உச்ச நீதிமன்றம் முக்கியமான தீர்ப்பொன்றை வழங்கியிருந்தது. அது தோல் பதனிடும் ஆலைகளின் கழிவுநீர் பற்றிய வழக்கு. ஏறக்குறைய 35,000 ஹெக்டர் விளைநிலம் முழுமையாகவோ பகுதியாகவோ சாகுபடிக்கு உதவாமல் போனதைத் தீர்ப்பு எடுத்துக்காட்டியது. மாசுபடுத்தியவரே இழப்பீடும் சீரமைப்புச் செலவும் ஏற்க வேண்டும் என்ற கொள்கை அதில்தான் இந்தியச் சட்டத்தில் அழுத்தமாகப் பதிந்தது. நல்ல கொள்கை. ஆனால் மாசுபடுத்தியவர் கதவைப் பூட்டிவிட்டுப் போனபின் யாரிடம் பில்லை நீட்டுவது? இராணிப்பேட்டை கேட்கும் கேள்வி இது.

வழியே இல்லையா?

இருக்கிறது. அன்னபேதி என்று நாட்டு மருந்துக் கடையில் விற்கும் இரும்பு சல்பேட், ஆறாம் நிலைக் குரோமியத்தை மீண்டும் தீங்கு குறைந்த மூன்றாம் நிலைக்குத் திருப்பிவிடும். சாறில் இது சுலபம். இறுகிப்போன பழைய சக்கையில் கடினம். உள்ளே பூட்டிக்கிடப்பது மெதுவாகக் கசிந்துகொண்டே இருக்கும். சில இடங்களில் சக்கையே உப்பி, மேலே போட்ட தளத்தைத் தூக்கிவிடும். அதனால்தான் மூடி மறைப்பது நிரந்தரத் தீர்வாகாது.

சிறந்த வழி, சக்கை பிறக்கும் இடத்திலேயே இருக்கிறது. சுண்ணாம்பு சேர்க்காமல் வறுக்கும் புதிய முறையில் கழிவு பாதிக்கும் கீழே குறைகிறது, நச்சும் குறைகிறது. ஆலை ஓடும்போதே கழிவைச் சுத்திகரித்து, அடியில் கசிவு தடுக்கும் குழியில் வைத்தால், ஆகும் செலவு சரக்கின் விலையில் சேர்ந்துவிடும். தோல் செருப்பின் விலை சிறிது கூடும், அவ்வளவுதான். அதைச் செய்யாதபோது செருப்பு மலிவாகக் கிடைத்தது. மிச்சமான அந்தப் பணம், பாலாற்றங்கரையில் கிணறு வைத்திருந்தவரின் பணம்.

நமக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று மலேசிய வாசகர்கள் கேட்கலாம். ஈப்போ அருகே புக்கிட் மேராவில் அரிய மண் ஆலை 1994இல் மூடியது. அங்கே இருந்தது குரோமியமல்ல, கதிரியக்கக் கழிவு. ஆனால் ஆலை மூடிப் பல ஆண்டுகள் கழிந்தும் துப்புரவு வேலை முடியாமல் நீண்டதை நாம் பார்த்தோம். பொருள் வேறு, பாடம் ஒன்றே. நம் ஊருக்கு ஆலை வருகிறது என்றால் எத்தனை பேருக்கு வேலை என்று கேட்கிறோம். கேட்கத்தான் வேண்டும். அதோடு இன்னும் இரண்டு கேள்விகளையும் சேர்த்துக் கேட்போம். கழிவை எங்கே வைப்பீர்கள்? நீங்கள் போன பிறகு அதைப் பார்த்துக்கொள்ள இன்றே எவ்வளவு பணம் கட்டி வைப்பீர்கள்?

இந்தக் கேள்விகளை 1830இல் கிளாஸ்கோ கேட்கவில்லை. 1970களில் இராணிப்பேட்டையும் கேட்கவில்லை. கேட்காததற்கான வட்டியை, அப்போது பிறந்தே இராதவர்கள் கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.