சிறைக்குள் ஒரு பள்ளி

புதுக்கோட்டையில் பார்ஸ்டல் பள்ளி என்றொரு நிலையம் உண்டு. குற்றம் புரிந்த வாலிபரைச் சிறைவாசிகளின் கூட்டத்தினின்றும் பிரித்து வைத்துப் பயிற்றுவதற்கென ஏற்பட்டது அது. 'பார்ஸ்டல்' என்பதற்குத் தமிழில் என்ன பொருள் என்று சிலர் என்னைக் கேட்டதுண்டு. சட்டங்களை மொழிபெயர்ப்பதே தொழிலாகக் கொண்டவனுக்கும் அச்சொல்லைப் பெயர்க்க வழியில்லை. ஏனெனில் அது ஓர் ஊரின் பெயர். இங்கிலாந்தில் கெண்ட் மாவட்டத்தில், ராச்செஸ்டர் நகருக்கு அருகில் உள்ள சிற்றூர் அது. அங்கிருந்த சிறையிலேதான் 1902ஆம் ஆண்டில் சிறைத்துறைத் தலைவர் ரகிள்ஸ்-பிரைஸ் என்பவர் இளைஞர்களைத் தனியே வைத்துக் கல்வியும் கைத்தொழிலும் கற்பிக்கும் சோதனையைத் தொடங்கினார். 1908இல் அது சட்டமாயிற்று. 1982ஆம் ஆண்டுச் சட்டத்தால் இங்கிலாந்து அம்முறையைக் கைவிட்டது. பிறந்த நாட்டில் மறைந்துபோன பெயர், காவிரிக்குத் தெற்கே நிலைத்திருக்கிறது!

நம் நாட்டில் இக்கருத்து எளிதில் வேரூன்றிவிடவில்லை. மெக்காலே பிரபு ஓர் உறுப்பினராக இருந்த சிறை ஒழுங்குக் குழு 1838இல் தன் அறிக்கையை அளித்தது. கைதிக்குக் கல்வி புகட்டுவது, நீதிபோதனை செய்வது ஆகியவற்றால் பயன் விளையும் என்பதை அக்குழு ஏற்கவில்லை. சலிப்பூட்டும் கடும் உழைப்பே தண்டனைக்கு உகந்தது என்று கருதிற்று. இந்தியருக்கு எத்தகைய கல்வி வேண்டும் என்று அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர் அத்துணை விரிவாக எழுதியவர் மெக்காலே. அவர் அமர்ந்திருந்த குழுவே சிறைக்கதவுக்கு உட்புறத்தில் கல்வியை வேண்டாம் என்றது வியப்புக்குரியதே.

அவ்வெண்ணம் மாற எண்பது ஆண்டுகள் சென்றன. 1919-20இல் அலெக்சாண்டர் கார்டியூ தலைமையில் அமைந்த இந்தியச் சிறைக் குழு, இங்கிலாந்து, அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளின் சிறைகளையும் பார்வையிட்டது. கார்டியூ சென்னை இராஜதானியில் உயர்பதவி வகித்தவர். கைதியைத் திருத்துவதும் சிறையின் கடமையே என்று அவர் குழு அழுத்தமாகக் கூறிற்று. வாலிபக் கைதிகளுக்குத் தனி நிலையங்கள் வேண்டும் என்றும் பரிந்துரைத்தது. 1926இல் சென்னை பார்ஸ்டல் பள்ளிச் சட்டம் பிறந்தது. பஞ்சாபும் அவ்வாண்டிலேயே சட்டம் இயற்றிற்று. வங்காளம், பம்பாய் ஆகியவை பின்தொடர்ந்தன. தஞ்சாவூர், பின்னர் பாளையங்கோட்டை எனச் சென்னையின் பார்ஸ்டல் நிலையம் இடம் மாறி நடந்தது.

அச்சட்டத்தில் நின்று நோக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 16 வயது நிறைந்து 21 வயதுக்கு உட்பட்ட இளைஞனை, தீய பழக்கமோ தீயோர் கூட்டுறவோ அவனைக் கெடுத்துவிடும் என்று கண்டால், சிறைக்கு அனுப்புவதற்கு மாற்றாக இரண்டு முதல் ஐந்து ஆண்டு வரை பள்ளியில் வைக்க நீதிமன்றம் ஆணையிடலாம். சிறையில் சில திங்கள் கழித்து வெளியேறக்கூடிய ஒருவன், பள்ளியில் ஈராண்டு இருக்க நேரிடும். தச்சோ தையலோ நெசவோ கைவர அவ்வளவு காலம் தேவை என்பது சட்டம் வகுத்தோரின் கணக்கு. நன்னடத்தை கண்டவிடத்து நிபந்தனையின்பேரில் முன்னதாகவே விடுவிக்கவும் வழி வைத்தனர். எனினும், கல்வியின் பெயரால் ஒருவனது விடுதலையைத் தள்ளிப்போடலாமா என்னும் வினா எஞ்சியே நிற்கிறது. ஆசிரியரும் பட்டறையும் செம்மையாக அமைந்தால் அன்றி அந்நீட்டிப்புக்கு நியாயம் இல்லை என்பதே என் கருத்து. வெறும் சுவர்களுக்குப் பள்ளி என்று பெயரிட்டு ஈராண்டு அடைத்து வைப்பது, சிறையினும் கொடிது.

சுதந்திரத்திற்குப் பின்னர், 1960இல் வெளிவந்த மாதிரிச் சிறைக் கையேடு, கல்வியைச் சிறை நிருவாகத்தின் ஓர் அங்கமாகவே கொண்டது. 1980 முதல் 1983 வரை ஆய்ந்த நீதிபதி முல்லா குழுவும் அதனையே வலியுறுத்திற்று. 2000ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம் 18 வயது நிரம்பாதவர் அனைவரையும் தனி ஏற்பாட்டின்கீழ்க் கொணர்ந்தமையால், பார்ஸ்டல் பள்ளிக்கு எஞ்சியவர்கள் 18 முதல் 21 வரையுள்ள வாலிபர்களே. 21ஐக் கடந்தவன் பொதுச் சிறைக்கே செல்கிறான்.

அவனுக்கு உதவியது தொலைநிலைக் கல்வி. தில்லி நேயர்கள் அறிந்த திகார்ச் சிறையில், 1994இல் இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் படிப்பு மையம் அமைந்தது. கிரண் பேடி அங்குத் தலைமைப் பொறுப்பில் இருந்த காலம் அது. எழுத்தறிந்த கைதி அறியாதவனுக்குக் கற்பிக்கும் வழக்கமும் அங்கு ஊக்கம் பெற்றது. இன்று பல மாநிலச் சிறைகளிலிருந்து கைதிகள் பள்ளித்தேர்வும் பட்டத்தேர்வும் எழுதுகின்றனர்.

இதில் ஒரு பெரிய இடர்ப்பாடு உண்டு. 2022ஆம் ஆண்டின் அரசுக் கணக்கின்படி நாட்டின் சிறைவாசிகளில் நூற்றுக்கு 75 பேருக்கு மேல் விசாரணைக் கைதிகள். நாளை பிணை கிடைக்குமா, அடுத்த ஆண்டும் இங்கேதானா என்று அறியாதவன் எந்தப் பாடத்தில் சேர்வான்? பாதிப் படிப்பில் வெளியே வந்தவன் அதனை எங்கே தொடர்வான்? சிறை மையத்தில் தொடங்கிய படிப்பை வெளி மையத்திற்கு மாற்றிக்கொடுக்க ஒருவர் முன்வராவிடில், அது அங்கேயே அறுந்துபோகும்.

வெளிமாநிலத்தில் பிழைக்கச் சென்ற தமிழ் வாலிபன் ஒருவன் சிறைப்பட்டால், மொழியும் அவனுக்கு ஒரு சுவராகிறது. மும்பையிலோ தில்லியிலோ உள்ள சிறையில் வகுப்பு நடப்பது மராத்தியிலும் இந்தியிலும் இருக்கும். தேசியத் திறந்தநிலைப் பள்ளியின் பத்தாம் வகுப்பில் தமிழ் ஒரு பாடமாக உண்டு. அதற்குரிய நூல் அவன் கைக்குச் சேரவேண்டும். சிறைக் கண்காணிப்பாளரின் இசைவு பெற்று நூல்கள் வழங்குவதற்கும், கற்பிக்கச் செல்வதற்கும் வழி உண்டு. உங்கள் நகரத்துத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தில் ஒரே நூலின் இரு படிகள் இருக்குமாயின், ஒன்று போகத்தக்க இடம் அது.