எம்மன்ஸ்: ஒரு போர்க்கலத்தின் பணியும் முடிவும்

1853ஆம் ஆண்டு வாஷிங்டன் நகரில் விந்தையான நூலொன்று வெளிவந்தது. 1775 முதல் அதுநாள்வரை அமெரிக்கக் கடற்படையில் இடம்பெற்ற கப்பல்களைப் பட்டியலிட்டு, அவை ஒவ்வொன்றும் ஆற்றிய பணியையும் எய்திய முடிவையும் ஆவணங்களின்படி குறித்த நூல் அது. தொகுத்தவர் ஜார்ஜ் எஃப். எம்மன்ஸ் என்னும் கடற்படை அலுவலர். கவிஞர்கள் நிறைந்த மன்றத்தின் மலரில் ஒரு பட்டியல் நூலைப் பற்றிய பேச்சு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். அந்நூலில் கப்பல்களின் முடிவுக்கென ஒதுக்கப்பட்ட இடத்தில் மூழ்கியது, எரிந்தது, விற்கப்பட்டது என இரண்டொரு சொற்களே இருக்கும். அச்சொற்களுக்குள் எத்தனை பேருடைய வாழ்வு அடங்கிக் கிடக்கிறது என்பதை, தொகுத்தவரின் பெயரையே தாங்கிய ஒரு கப்பலைக் கொண்டு காண்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

பின்னாளில் ரியர் அட்மிரலாக உயர்ந்த எம்மன்ஸ் 1884இல் மறைந்தார். அரை நூற்றாண்டுக்கும் மேலான பின்னர், மெய்ன் மாநிலத்தின் பாத் நகரக் கப்பல் தளத்தில் ஒரு நாசகாரிக் கப்பலுக்கு அவர் பெயரைச் சூட்டினர். 1941 ஆகஸ்டில் அவருடைய பேத்தி ஒருவர் அக்கப்பலை நீரில் இறக்கி வைத்தார். அவ்வாண்டு டிசம்பர் 5ஆம் நாள் அது பணியேற்றது. இரண்டே நாளில் பேர்ல் துறைமுகம் தாக்கப்பட்டது. அமெரிக்கா போரில் இறங்கியது. அமைதிக்காலம் என்பதை இக்கப்பல் அறிந்தது அவ்விரண்டு நாள்கள்தாம்.

நீளம் 348 அடி, எடை 1,630 டன், வேகம் ஏறத்தாழ 37 நாட். ஐந்தங்குலப் பீரங்கிகள் நான்கு, டார்பிடோக் குழாய்கள், நீர்மூழ்கிகளை வேட்டையாடும் வெடிகள் ஆகியன அதன் படைக்கலங்கள். நாசகாரிக் கப்பலின் உயிர்நாடி வேகம். அதன் உடலோ மெல்லிய தகடு. பெருங்கலங்களுக்கு முன்னும் பக்கவாட்டிலும் ஓடி, அடி விழுந்தால் முதலில் தான் ஏற்றுக்கொள்ளும் காவலாள் எனலாம். முதல் மூன்றாண்டுகள் எம்மன்ஸ் அந்தக் காவலையே செய்தது. 1942இல் ரேஞ்சர் என்னும் விமானந்தாங்கிக் கப்பலுக்குத் துணையாகச் சென்றது. அவ்வாண்டு நவம்பரில் மொராக்கோக் கரையில் நேச நாட்டுப் படைகள் இறங்கியபோது அங்கிருந்தது. 1943இல் ஸ்கேப்பா ஃப்ளோ துறையிலிருந்து பிரிட்டனின் தாய்நாட்டுக் கடற்படையோடு வடகடலின் குளிரில் அலைந்தது.

1944 ஜூன் 6 அன்று நார்மண்டியின் ஒமாஹா கடற்கரைக்கு எதிரே நின்று அது பீரங்கி முழக்கியது. கொலெவில் என்னும் சிற்றூரின் தேவாலயக் கோபுரத்திலிருந்து ஜெர்மானியர் வேவு பார்ப்பதாக ஐயம் எழ, அக்கோபுரத்தை வீழ்த்தும் பணி எம்மன்ஸிடம் வந்தது, கோபுரம் சரிந்தது. போர் வரலாற்று நூல்கள் இதைக் குறிபார்க்கும் திறத்துக்குச் சான்றாகச் சொல்லும். அவ்வூரார் வேறு விதமாகவே சொல்லியிருப்பர். ஜூன் 25இல் ஷெர்பூர்க் கோட்டைகளை எதிர்த்து நடந்த சமரில் எலிசன், ராட்மன் ஆகிய உடன்பிறப்புக் கலங்களும் எம்மன்ஸோடு ஒரே அணியில் நின்றன. இவ்விரு பெயர்களையும் அன்பர்கள் நினைவில் கொள்ள வேண்டுகிறேன்.

ஐரோப்பியக் கடல்களில் வேலை குறைந்ததும் பசிபிக் அழைத்தது. அங்கே தீவு தீவாகப் படை இறக்க வேண்டியிருந்தது; இறக்குமுன் நீரிலுள்ள கண்ணிவெடிகளை அகற்றியாக வேண்டும். இவ்வகை நாசகாரிகளில் 24 கலங்களை விரைவுக் கண்ணிவாரிகளாக மாற்றினர். எம்மன்ஸ் 1944 நவம்பர் 15 முதல் கண்ணிவாரி எனப் பெயர் மாற்றம் பெற்றது. டார்பிடோக் குழாய்களும் பின்புறத்துப் பீரங்கி ஒன்றும் கழற்றப்பட்டன. அவ்விடத்தில் வடச் சுருள்களும் சுழல் உருளைகளும் மின்னாக்கிகளும் ஏறின.

கண்ணி வாரும் முறையைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். கடலடியில் கிடக்கும் ஓர் எடைக்கல்லில் கம்பியால் கட்டப்பட்டு, நீர்மட்டத்துக்குச் சற்றுக் கீழே மிதந்து நிற்பது ஒருவகைக் கண்ணி. கண்ணிவாரி தன் பின்னால் நீண்ட எஃகு வடத்தை இழுத்துச் செல்லும். நீரோட்டத்தின் விசையால் அதனைப் பக்கவாட்டில் அகலத் தள்ளும் பலகையும், முனையை அடையாளங்காட்டும் மிதவையும், இடையிடையே வெட்டுக்கத்திகளும் வடத்தில் உண்டு. கண்ணியின் கம்பி வடத்தில் சிக்கி அறுபட்டதும் கண்ணி மேலே மிதந்து வரும். அதைச் சுட்டு வெடிக்கச் செய்வர். கப்பலின் இரும்பால் காந்தப்புலம் மாறுவதை உணர்ந்து வெடிக்கும் கண்ணிகளும் உண்டு. அவற்றை ஏமாற்ற மின்சாரம் பாயும் கேபிளை இழுத்துச் செல்வர். எதுவாயினும், வடம் பின்னால் வர, கப்பல் முன்னால் செல்கிறது. தூய்மை செய்யப்படாத நீரில் முதலில் நுழைவது அதன் உடலே. வடம் நீரில் உள்ளவரை வளைந்து திரும்பவும் வழியில்லை. விரைந்து விலகுவதையே தற்காப்பாகக் கொண்ட ஒரு கலத்துக்கு இதனினும் கடிய மாற்றம் வேறில்லை.

1945 மார்ச் 24இல் ஒகினாவாவைச் சூழ்ந்த கடலில் கண்ணி வாரும் பணி தொடங்கியது. ஏப்ரல் 1இல் படைகள் கரையேறின. ஏப்ரல் 6இல் ஜப்பானியர் தம் முதல் பெருந்தாக்குதலைத் தொடுத்தனர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் 'கிகுசுய்'. நீரில் மிதக்கும் செவ்வந்தி என்று பொருள். அழகிய சொல்லைக் கொடிய செயலுக்குச் சூட்டுவது எல்லா நாட்டுப் படைகளுக்கும் உள்ள வழக்கம். கவிஞர்கள் தம் சொற்களைக் காவல் காக்க வேண்டிய இடம் இதுவென்று எனக்குத் தோன்றுவதுண்டு. அத்தாக்குதலில் வந்த தற்கொலை விமானங்கள் 355 என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு.

அன்று இஹேயாத் தீவுக்கும் ஒகினாவாவுக்கும் இடைப்பட்ட நீர்வழியில் சிறு கண்ணிவாரிகள் வேலை செய்துகொண்டிருந்தன. எம்மன்ஸும் ராட்மனும் அவற்றுக்குக் காவல். பிற்பகலில் விமானக் கூட்டம் வந்தது. முதலில் அடிபட்டது ராட்மன். எம்மன்ஸ் தப்பிச் செல்ல முயலவில்லை. தீப்பற்றிய தோழமைக் கலத்தைச் சுற்றிச் சுற்றி வந்து வானை நோக்கிச் சுட்டது. பல விமானங்கள் வீழ்ந்தன. ஆயினும் ஐந்து விமானங்கள் ஏறத்தாழ ஒரே நேரத்தில் எம்மன்ஸ் மீது பாய்ந்தன. பின்புறம் சிதைந்தது, சுக்கான் மேடை எரிந்தது, மூன்றாம் பீரங்கியருகே ஒன்று விழுந்தது. தலைவர் ஃபாஸ் கடுங்காயமுற்றார். பீரங்கிப் பிரிவு அலுவலர் கிரிஃபின் பொறுப்பேற்றார். தீயணைக்கவும் நீரை வெளியேற்றவும் இருந்தவர்கள் இரவுவரை போராடினர். பிறகு கப்பலைக் கைவிடும்படி ஆணை பிறந்தது. மாண்டோர் 60, காயமுற்றோர் 77; கப்பலிலிருந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர். ராட்மன் 16 பேரை இழந்தும் உயிர் தப்பியது.

ஆளற்ற எம்மன்ஸ் மறுநாளும் மிதந்துகொண்டிருந்தது. பகைவர் கையில் சிக்கலாகாது என்று, ஏப்ரல் 7இல் எலிசன் அதனைப் பீரங்கியால் சுட்டு மூழ்கடித்தது. ஷெர்பூர்க்கில் உடன் நின்ற அதே எலிசன்தான். அதே நாளில் தெற்கு நோக்கி வந்த யமாட்டோ என்னும் ஜப்பானியப் பேர்க்கலமும் ஆயிரக்கணக்கானோருடன் மூழ்கியது. உலகம் யமாட்டோவையே பேசிற்று. எம்மன்ஸைப் பற்றிப் பேசினோர் சிலரே.

2000ஆம் ஆண்டில் ஜப்பானியக் கடலோரக் காவற்படையினர் கோவுரித் தீவுக்கு அருகே, 40 மீட்டருக்கும் மேற்பட்ட ஆழத்தில், அதன் உடலைக் கண்டனர். வலப்புறம் சாய்ந்து கிடக்கிறது. அருகிலேயே ஒரு ஜப்பானிய விமானத்தின் எஞ்சினும் கிடக்கிறது. அறுபது அமெரிக்கருக்கு மட்டும் உரிய கல்லறை என்று இதனைச் சொல்லிவிட முடியாது. அவர்களைக் கொல்ல வந்து தாமும் மாண்ட இளைஞர்கள் ஐவருக்கும் அதுவே கல்லறை. அங்கே நீர்மூழ்குவோர் செல்கின்றனர். யாரோ கப்பலின் மணியை அனுமதியின்றிப் பெயர்த்தெடுத்தனர். பின்னர் அது மீண்டு அமெரிக்கக் கடற்படையின் வரலாற்றுத் துறையை அடைந்தது. மணியை எடுத்தவர் அதனை வெறும் பழம்பொருள் என்று எண்ணியிருக்கலாம். புதைகுழியின் மேல் நட்ட கல்லை எவரும் பெயர்த்து வீட்டுக்குக் கொண்டு போவதில்லை.

எலிசனின் கதை இன்னும் மிச்சமிருக்கிறது. 1954 அக்டோபரில் அமெரிக்கா அக்கலத்தைப் புதிதாக அமைந்த ஜப்பானியக் கடற்படைக்கு அளித்தது. பீரங்கிகளைத் துடைக்கவும் கொடியேற்றவும் ஜப்பானிய மாலுமிகள் வந்தனர். தற்கொலை விமானங்களைக் குறித்த 'காமிகாஸே' என்னும் சொல்லுக்குத் தெய்வக் காற்று என்று பொருள். ஜப்பானியர் எலிசனுக்குச் சூட்டிய புதுப்பெயர் 'அசகாஸே', காலைக் காற்று. அப்பெயரோடு அது ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் ஜப்பானியக் கொடியின் கீழ்ப் பணிபுரிந்தது.